டிவி நகைச்சுவையும் வானொலி நாடகமும்: ஒரு நடிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தைந்து வருடமாக டிவி நகைச்சுவைத் தொடர்களிலும் வானொலி நாடகங்களிலும் நடித்து வருகிறேன். கதாநாயகன் கிடையாது. கதாநாயகனின் மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர், வரக் கூடாத நேரத்தில் கதவைத் தட்டுபவர், இப்படித்தான் என் பாத்திரங்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க ஆபீஸ்ல வேலை பார்த்தீங்களா?" என்பார். இல்லை, டிவியில் என்று சொன்னதும் கேள்விகள் ஆரம்பமாகும். பயிற்சி வகுப்புக்கு வரும் இளைஞர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்லிச் சொல்லி மெருகேறி, பொய் மாதிரி ஆகிவிடுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

டிவி நகைச்சுவை, வானொலி நாடகம், இரண்டில் எது கஷ்டம்?

இரண்டிலும் கஷ்டம் ஒன்றுதான். எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். டிவியில் சிரிப்புக்கு இடம் விட வேண்டும். வானொலியில், கேட்பவர் மனதில் படம் விழ இடம் விட வேண்டும். வசனம் சொல்ல ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டு வசனங்களுக்கு நடுவில் கிடக்கும் அந்த இடத்தைக் கையாளப் பத்து வருடம் பிடித்தது.

உடம்புக்கு எது கஷ்டம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் டிவி. விளக்குச் சூடு, ஒப்பனை, மணிக்கணக்கில் காத்திருப்பு. வானொலிக்குச் சவரம்கூடச் செய்யாமல் போகலாம். போயிருக்கிறேன்.

சில தொடர்களை நிஜமாகவே ஆட்களை உட்கார வைத்து அவர்கள் முன்னால்தான் எடுக்கிறார்களா?

ஆமாம். அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இந்த முறையைப் பிரபலமாக்கியது. அரங்கில் பார்வையாளர்கள், எதிரே மேடை மாதிரி செட், நடுவில் மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்துக்குக் கேமரா பிடித்தவர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் எழுந்து போய்விடும் என்பதால், செட் முழுக்கச் சீரான வெளிச்சம் இருக்கும்படி செய்தார். அந்தப் பளிச்சென்ற வெளிச்சம்தான் இன்றைக்கும் இவ்வகைத் தொடர்களின் அடையாளம்.

மூன்று கேமரா எதற்கு என்று கேட்பார்கள். ஜோக் சொல்பவர் முகம், அதை வாங்கிக்கொள்பவர் முகம், இருவரும் சேர்ந்த காட்சி, மூன்றும் அதே நொடியில் பதிவாக வேண்டும். ஒரே கேமரா என்றால் ஜோக்கை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது தடவை சிரிப்பவன் நம் சொந்தக்காரனாகத்தான் இருப்பான்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொடரின் நாயகி லூசில் பால் அதற்கு முன் மூன்று வருடம் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற வானொலி நகைச்சுவைத் தொடரில் நடித்தவர். அதுவும் அரங்கில் பார்வையாளர்கள் முன்னால் நடந்ததுதான். ஆக, டிவி நகைச்சுவையின் இந்தப் பழக்கமே வானொலி கொடுத்த சீதனம்.

சிரிப்பு எழுந்ததும் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்? மனதுக்குள் எண்ணுவீர்களா?

எண்ணினால் தொலைந்தோம். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு உருவம் இருக்கிறது. முதலில் நாலைந்து பேர் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு இறங்கும். இறங்க ஆரம்பித்த பின், தரையைத் தொடுவதற்கு முன், அடுத்த வசனம் விழ வேண்டும். உச்சியிலேயே பேசினால் அந்த வசனம் யார் காதிலும் ஏறாது. அதைவிட மோசம், கூட்டம் பாடம் கற்றுக்கொண்டுவிடும். சிரித்தால் அடுத்தது கேட்காது என்று புரிந்ததும் அடுத்த ஜோக்குக்குச் சிரிப்பை விழுங்கிவிடுவார்கள். அன்று மாலை முழுக்க அந்தக் கடனை அடைக்க முடியாது. சரி, முழுக்க அடங்கட்டும் என்று நின்றாலும் ஆபத்து. அடங்கிய கூட்டத்தை அடியிலிருந்து கிளப்ப வேண்டும்.

நிற்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் நிஜமான பிரச்சினை. முதல் வருடம் நான் சிலை மாதிரி நிற்பேன். கூட நடித்த மூத்த நடிகை ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "சிரிப்பு முடியட்டும்னு நீ காத்துக்கிட்டிருக்கே. சரி. அந்த மேனேஜர் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கான்?" அன்றைக்குத்தான் விளங்கியது. கூட்டம் சிரிப்பது எனக்குத் தெரியும், நான் நடிக்கும் மேனேஜருக்குத் தெரியாது. அவன் வாங்கிய அவமானத்தை ஜீரணித்துக்கொண்டிருக்க வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்து, வேண்டாமென்று மூடலாம். மேஜையில் நேராக இருக்கும் காகிதத்தை இன்னும் நேராக வைக்கலாம். அளவு தாண்டக் கூடாது, அவ்வளவுதான். தாண்டினால் இன்னொரு சிரிப்பு வந்து, அடுத்து பேச வேண்டிய சக நடிகரின் வசனத்தை மூழ்கடிக்கும். நடிகர்களுக்குள் அதற்குத் திருட்டு என்று பெயர். நான் செய்ததில்லை என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. கிரேஸி மோகன் மேடை நாடகங்களில் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்த ஜோக் வந்துவிடும். தவறவிட்டவர் தவறவிட்டவர்தான். அந்த வேகத்தைத் தாங்க வசனம் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். பத்து ஜோக்கில் மூன்றைத் தொலைத்தும் ஏழு மிஞ்சும் எழுத்து எல்லோருக்கும் கைவராது.

சிரிப்பே வரவில்லை என்றால்?

வரவில்லை என்று முகத்தில் தெரியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பை எதிர்பார்த்து அரை நொடி நின்று, அது வராமல் போனால், அந்த அரை நொடி அரை மணி நேரமாகத் தெரியும்.

பதிவு செய்து வைத்த சிரிப்பை ஒட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

பாதி ஏமாற்று, பாதி தையல் வேலை. 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் இதற்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். தட்டச்சு இயந்திரம் மாதிரி விசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைச் சிரிப்பு: அடக்கச் சிரிப்பு, வெடிச் சிரிப்பு, தாமதமாகப் புரிந்துகொண்ட ஒற்றை ஆளின் சிரிப்பு. ஒலியைக் கூட்டிக் குறைக்கக் காலடியில் ஒரு மிதி. ஆர்மோனியம் வாசிப்பவர் மாதிரி உட்கார்ந்து சிரிப்பை வாசிப்பார்.

பார்வையாளர்கள் முன்னால் எடுத்த தொடரிலும் ஒட்டுவேலை உண்டு. நான் முதல் டேக்கில் வசனத்தைத் தடுமாறி, இரண்டாவது டேக்கில் சரியாகச் சொல்கிறேன் என்று வையுங்கள். நல்ல சிரிப்பு முதலாவதற்கு விழுந்திருக்கும். இரண்டாவதற்கு வருவது இரக்கச் சிரிப்பு. எடிட்டர் முதல் சிரிப்பை வெட்டி இரண்டாவது டேக்கில் வைப்பார். இது எனக்கு உறுத்துவதில்லை, அவர்கள் நிஜமாகச் சிரித்ததுதானே.

யாருமே சிரிக்காத இடத்தில் சிரிப்பை வைப்பதுதான் எனக்குப் பிடிக்காது. கொரியப் போர்க்கால ராணுவ மருத்துவமனையை வைத்து 1972 முதல் 1983 வரை ஓடிய 'மாஷ்' தொடரில் இந்தச் சண்டை நடந்தது. சிரிப்பொலி வேண்டாம் என்றார்கள் தயாரிப்பாளர்கள், வேண்டும் என்றது தொலைக்காட்சி நிறுவனம். கடைசியில் அறுவைச் சிகிச்சை அறையில் நடக்கும் காட்சிகளுக்கு மட்டும் சிரிப்பொலி கிடையாது என்று ஒப்பந்தமானது. பிரிட்டனில் பிபிசி அதை ஒளிபரப்பியபோது சிரிப்பொலி இல்லாமலேயே காட்டியது. முடிந்தால் இரண்டையும் பாருங்கள். அதே நடிப்பு, அதே வசனம், வேறு தொடர். ஒட்டிய சிரிப்போடு பார்த்தால் நையாண்டி, அது இல்லாமல் பார்த்தால் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

சிரிப்பொலியே இல்லாத தொடர்களில் நடிப்பது எப்படி இருக்கும்?

ஆரம்பத்தில் காது கேட்காமல் போன மாதிரி இருந்தது. ஒரே கேமரா வைத்துத் துண்டு துண்டாக எடுக்கும்போது, செட்டில் யாராவது சிரித்தால் டேக் வீண். நாற்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். என்னை மாதிரி கூட்டத்தின் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதி, தோல்வியாகவே கேட்கும். உடனே கொஞ்சம் கூடுதலாகச் செய்யத் தோன்றும், கண்ணை விரிக்கத் தோன்றும். அங்கேதான் கெட்டுப்போகும்.

2001-இல் வந்த பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' தொடரில் சிரிப்பொலி கிடையாது. ஒரு ஆவணப்படக் குழு அலுவலகத்தைப் படம் பிடிப்பது போன்ற பாவனை. அதில் ஜோக் சொல்பவருக்குப் பின் வரும் சங்கடமான மௌனம்தான் ஜோக். பார்வையாளர் கூட்டம் இருந்திருந்தால் அந்த மௌனத்தை நிரப்பியிருப்பார்கள், விஷயமே போயிருக்கும். அந்த வகைத் தொடரில் நான் கற்றது ஒரே ஒரு பழக்கம். வசனம் முடிந்ததும் முகத்தைக் கலைக்காமல் இரண்டு மூச்சு இருந்துவிட வேண்டும். எங்கே வெட்டுவது என்பது எடிட்டர் பாடு, வெட்டுவதற்குத் துணி கொடுப்பது நம் பாடு.

நாலு நாள் ரிகர்சல் செய்தால் ஜோக் உங்களுக்கே பழசாகிவிடாதா?

ஆகும். திங்கட்கிழமை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். வியாழக்கிழமை அதே வரிக்குக் கேமராக்காரர் கொட்டாவி விடுவார். அப்போது நடிகனுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும்: வரியை மாற்றிப் பார்ப்போமா, குரலை ஏற்றிப் பார்ப்போமா. மாற்றவே கூடாது. சனிக்கிழமை வரும் கூட்டத்துக்கு அது திங்கட்கிழமை. நான் முதல் வாசிப்பில் யார் எங்கே சிரித்தார்கள் என்று ஸ்கிரிப்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை நம்பிக்கை போகும்போது அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

நடிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடாதா?

வரும். கன்னத்தின் உட்புறத்தைக் கடிப்பது, காலணிக்குள் விரல்களை மடக்குவது, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்ப்பது, எல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். எதுவும் உத்தரவாதம் இல்லை. ஒரு தடவை பன்னிரண்டு டேக் போனது. முதல் இரண்டுக்குக் குழுவும் சேர்ந்து சிரிக்கும். ஐந்தாவதில் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பத்தாவதில் நம் மேல் நமக்கே வெறுப்பு வரும், ஆனாலும் சிரிப்பு நிற்காது.

இவ்வளவு வசனத்தை எப்படி மனப்பாடம் செய்கிறீர்கள்?

வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் நிற்காது, அதைச் சொல்லத் தூண்டும் எதிராளியின் வரியையும் சேர்த்துப் படித்தால் நிற்கும். தினசரித் தொடர்களில் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒருவர் வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. நேரம் இல்லாதபோது வேறு வழியில்லை. நகைச்சுவைக்கு அது விஷம். அடுத்த வரி காதில் வந்து விழக் காத்திருக்கும் கண் கேமராவில் அப்படியே தெரியும்.

பெரிய ஆட்களுக்கும் நேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் 1961-இல் கார் விபத்தில் அடிபட்டதால் வசனம் படிக்க நேரமில்லாமல் போனது. ரத்த தானம் செய்யப் போகும் ஒருவரைப் பற்றிய புகழ்பெற்ற அந்த அரை மணி நேர நாடகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஓடிய எழுத்தைப் பார்த்தே நடித்து முடித்தார். கவனித்துப் பார்த்தால் அவர் பார்வை எதிரே இருப்பவரைத் தாண்டிப் போவது தெரியும். அப்படியும் அது சிரிக்க வைக்கிறது. பல வருட வானொலி அனுபவம். வரியைப் பார்த்துப் படித்தாலும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்ல அவருக்குத் தெரியும்.

வானொலியில் ஸ்கிரிப்டைப் பார்த்துப் படிப்பதுதானே? அதில் நடிப்பு எங்கே வருகிறது?

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கேட்பவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "படிங்க" என்று சொல்லிவிடுவேன். இரண்டு வரி போதும்.

படிப்பவர் குரல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரே மாதிரி இறங்கும். பேசுபவர் குரல் அப்படி இறங்காது. பேசுபவருக்கு வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டித் தெரியாது, தாளில் புள்ளியைப் பார்த்தவருக்குத் தெரியும். ஆகவே வானொலி நடிகர் முதலில் மறக்க வேண்டியது நிறுத்தக்குறிகளை. மூச்சை எங்கே இழுப்பது என்பதை நான் தாளில் குறித்துக்கொள்வேன், ஏனென்றால் மூச்சும் வசனம்தான். பேச வந்து மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் விட்டால், கேட்பவர் அந்தப் பேசாத வரியைத் தானே எழுதிக்கொள்வார்.

அப்புறம், வானொலியில் பேசாத ஆள் இல்லாத ஆள். டிவியில் நான் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட அங்கே இருக்கிறேன். வானொலியில் ஒரு நிமிடம் பேசாவிட்டால் கேட்பவர் மனதிலிருந்து எழுந்து போய்விட்டேன் என்று அர்த்தம். நடுநடுவே ஒரு "ம்ம்", ஒரு இருமல், நாற்காலி நகரும் ஓசை, இவற்றால் நான் இன்னும் இருப்பதை நினைவூட்ட வேண்டும். அனுபவமில்லாத எழுத்தாளர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் வசனத்தில் போட்டுவிடுவார்கள்: "அடடே, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் குடையோடு, மாடிப்படி ஏறி வரும் என் தம்பியே!" எந்த அண்ணன் இப்படிப் பேசுவான்? குடையை உதறும் சத்தம் ஒன்று போதும். சட்டையின் நிறத்தைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார். நீலமாக இல்லாமல் பச்சையாகப் பார்த்தால் நமக்கு என்ன நஷ்டம்?

மைக் முன்னால் எப்படி நிற்க வேண்டும்?

கதை நடக்கும் அறை மொத்தமும் அந்த மைக்கைச் சுற்றிய நாலடிக்குள் இருக்கிறது. ரகசியம் பேச வேண்டுமானால் ஒரு சாண் நெருங்குவது. கத்த வேண்டுமானால் ஒரு எட்டு பின்னால் போய் முகத்தைத் திருப்புவது. தூரத்திலிருந்து வருபவன் என்றால் ஓரத்தில் பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே நடந்து வருவது. குரலை மட்டும் தாழ்த்தி 'தூரத்தில் இருக்கிறேன்' என்று நடித்தால், பக்கத்தில் நின்று முணுமுணுப்பது மாதிரிதான் கேட்கும். 'ப' என்ற எழுத்து மைக்கில் காற்றாக வந்து அறையும். அதனால் நேராகப் பேசாமல் கொஞ்சம் சாய்த்துப் பேசுவோம். சரசரக்கும் துணி, வளையல், சாவிக்கொத்து எதுவும் கூடாது. பசியோடும் போகக் கூடாது. வயிறு கத்தினால் மைக் அதையும் நடிப்பாக எடுத்துக்கொள்ளும்.

முகம் தெரியாத இடத்தில் முகபாவம் எதற்கு?

புன்னகை குரலில் கேட்கும். உதடு விரிந்தால் ஒலி மாறுகிறது, அவ்வளவுதான் காரணம். கை கட்டிக்கொண்டு சண்டை வசனம் பேசிப் பாருங்கள், சண்டை வராது. வானொலி ஒலிப்பதிவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் சித்தம் கலங்கியவர்களாகத் தெரிவோம்.

ஆனால் காணாத ஒன்றை நம்ப வைப்பதில் வானொலிக்கு இருக்கும் துணிச்சலுக்கு எல்லையே இல்லை. எட்கர் பெர்கன் என்ற அமெரிக்கர் பேசும் பொம்மை வைத்து வித்தை காட்டுபவர். உதட்டை அசைக்காமல் பொம்மையைப் பேச வைக்க வேண்டிய கலை. அவர் அதை வானொலியில் செய்தார்! 1937-லிருந்து ஏறத்தாழ இருபது வருடம். உதடு அசைந்ததா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சார்லி மக்கார்த்தி என்ற அந்தப் பொம்மை நேயர்களுக்கு ஒரு நிஜ ஆளாகவே ஆகிப்போனது.

பார்க்க எதுவும் இல்லாமல் வானொலியில் எப்படிச் சிரிக்க வைப்பது?

ஆளை நன்றாகத் தெரிந்திருந்தால் போதும். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி. வானொலியில் பல வருடமாக மகா கஞ்சனாக நடித்தவர். 1948-இல் ஒரு நிகழ்ச்சியில் வழிப்பறிக்காரன் அவரை மறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பதில் இல்லை. நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்கே அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி கேட்க, "யோசிச்சுக்கிட்டிருக்கேன்!" என்று எரிந்து விழுகிறார். ஒலி ஊடகத்தில் ஒலியே இல்லாத இடத்துக்கு விழுந்த சிரிப்பு. ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் பல வருடக் கஞ்சத்தனம் சேமிப்பில் இருந்தது. முதல் வாரமே செய்திருந்தால் ஏதோ ஒலிபரப்புக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

தமிழில் எனக்குப் பிடித்த உதாரணம் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்'. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று பாத்திரங்கள். ஒவ்வொருவர் பேசும் தமிழும் ஒவ்வொரு விதம். யார் பேசுவது என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. நாலு தமிழும் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்வதிலேயே கதை ஓடும். 1976-இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. வட்டார வழக்கைச் சிரிப்புக்குப் பயன்படுத்துவதில் ஒரு எச்சரிக்கை மட்டும்: அப்படிப் பேசுபவரைப் பார்த்துச் சிரிப்பது மலிவு. அப்படிப் பேசும் இருவர் மாட்டிக்கொள்ளும் சிக்கலுக்குச் சிரிப்பது வேறு.

குதிரை, கதவு, மழை, இந்தச் சத்தங்களை யார் செய்கிறார்கள்?

அதற்கென்று ஒரு கலைஞர் எங்கள் பக்கத்திலேயே நிற்பார். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. பறவை சிறகடிக்க ஒரு ஜோடி தோல் கையுறை. பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவு நிரப்பிய பை. எலும்பு முறிய செலரித் தண்டு. எல்லா வகைத் தாழ்ப்பாளும் பூட்டும் பொருத்திய, எங்கேயும் திறக்காத ஒரு சின்னக் கதவு. முத்தம் மட்டும் நாங்களே, அவரவர் புறங்கையில். காதல் காட்சியில் இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் தங்கள் கையைத் தாங்களே முத்தமிடுவதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்குப் பயிற்சி தேவை.

ஜாக் பென்னியின் நிகழ்ச்சியில் ஓட்டை காரின் சத்தத்துக்கு வைத்திருந்த இசைத்தட்டு ஒரு நாள் ஓடாமல் போக, குரல் கலைஞர் மெல் பிளாங்க் மைக்குக்குப் போய்த் தொண்டையாலேயே இருமி, விக்கி, புகை கக்கி ஒரு காரை ஓட்டிக் காட்டினார் என்பார்கள். அதன் பிறகு அந்தக் கார் அவர் பாத்திரமாகவே ஆனது.

ஒரே ஆள் பல பாத்திரங்களில் நடிப்பது உண்டா?

வானொலியில் சர்வ சாதாரணம். ஒரே நாடகத்தில் நான் நீதிபதியாகவும் குற்றவாளியின் மாமனாராகவும் வந்து எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். குரலை மாற்றுவதைவிட வேகத்தை மாற்றுவது மேல். கட்டைக்குரல், கீச்சுக்குரல் எல்லாம் மூன்றாவது பக்கத்தில் கழன்றுவிடும். டிவியில் இது அபூர்வம், ஆனாலும் தூர்தர்ஷனில் 1984-இல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற இந்தித் தொடரில் சதீஷ் ஷா வாராவாரம் வேறு வேறு ஆளாக வந்து போனார். பார்ப்பவர்களுக்கு இந்த வாரம் யாராக வருவார் என்பதே ஒரு எதிர்பார்ப்பு.

வானொலியில் நன்றாக ஓடியதை டிவிக்குக் கொண்டுவந்தால் ஓடுமா?

சில ஓடும். ஹான்காக்கின் தொடர் 1954-இல் வானொலியில் தொடங்கி 1956-இல் டிவிக்கும் வந்து இரண்டிலும் நின்றது. அவர் முகம் வசனத்தைவிட ஒரு நொடி முன்னாலேயே வருத்தப்பட ஆரம்பிக்கும். வானொலியில் வீணாகிக்கொண்டிருந்த சொத்து அது.

நடிகருக்குத்தான் சில நேரம் இழப்பு. 'கன்ஸ்மோக்' என்ற அமெரிக்கத் தொடர் நகைச்சுவை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். வானொலியில் அதன் கதாநாயகனுக்கு வில்லியம் கான்ராட் என்பவர் குரல். கேட்டாலே ஆறடி உயரமும் அகன்ற தோளும் தெரியும் குரல். 1955-இல் டிவிக்கு வந்தபோது வாய்ப்பு ஜேம்ஸ் ஆர்னஸுக்குப் போனது. கான்ராட் குள்ளம், பருமன். குரல் கேட்டுக் கட்டிய ஆளுக்கு அவர் உடம்பு பொருந்தவில்லை. எனக்கும் இதே கதை சின்ன அளவில் நடந்திருக்கிறது. வானொலியில் நான் நடித்த பாத்திரத்தை டிவிக்கு எடுத்தபோது, அந்த நாயகனின் அப்பாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள்.

நேரலையில் சொதப்பியது உண்டா?

ஒரு நேரடி ஒலிபரப்பு. வானொலி ஸ்கிரிப்டை ஊசி குத்தாமல் தனித்தனித் தாளாகத்தான் வைத்திருப்போம், புரட்டும் சத்தம் வரக் கூடாது என்பதற்காக. படித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவ விடுவது என் பழக்கம். அன்றைக்கு ஒன்றுக்குப் பதில் நாலு நழுவின. ஏழாம் பக்கம் முடிந்து கையில் இருப்பது பதினொன்று. ஏழில் உயிரோடு இருந்த பெரியப்பா, பதினொன்றில் இறந்து காரியமும் முடிந்துவிட்டது. தரையில் மண்டியிட்டுத் தாளைத் தேடினால் மைக் எட்டாது. எதிரே நின்ற நடிகர் என் கையைப் பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டார். "உட்காருப்பா, உன் முகமே சரியில்ல, நான் சொல்றேன்" என்று என் வசனத்தையும் தன் வசனத்தையும் சேர்த்து, மூன்று பக்கத்தை அவர் ஒருவரே அரை நிமிடத்தில் கடத்தினார். நான் "ம்ம்" மட்டும் கொட்டினேன். அன்றைய என் நடிப்பு உருக்கமாக இருந்ததாக ஒரு நேயர் கடிதம் வந்தது.

புதிதாக வருபவர் எங்கே தொடங்கலாம்?

செல்போனில் இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை நண்பரோடு பேசிப் பதிவு செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எந்த இடத்தில் படம் மறைந்து காகிதம் தெரிகிறதோ, அந்த வரியை மட்டும் மறுபடி செய்யுங்கள். டிவி நகைச்சுவைக்கு வேறு பயிற்சி: நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நல்ல கதை சொல்பவரைப் பார்க்காதீர்கள், அவர் பேசும்போது மற்றவர்கள் எந்த நொடியில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். நினைத்த இடத்துக்கு ஒரு சொல் முன்னாலேயே சிரிப்பார்கள். அந்த ஒரு சொல்லை வெட்ட எழுத்தாளரிடம் அனுமதி கேளுங்கள். கொடுக்க மாட்டார், பரவாயில்லை.

இந்தக் காலத்தில் வானொலி நாடகத்தை யார் கேட்கிறார்கள்?

பாட்காஸ்ட் என்ற பெயரில் கேட்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு வானொலிப் பெட்டி கூடத்தில் இருந்தது, குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தது, நாங்களும் கூடத்துக்குக் கேட்கிற மாதிரி பேசினோம். இப்போது காதுக்குள்ளேயே பேசுகிறோம். பழைய மாதிரிப் பேசினால் கேட்பவர் திடுக்கிட்டுக் கழற்றி வைத்துவிடுவார். இந்த வயதில் குரலைச் சுருட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவீர்கள்?

டிவியை. இப்போது அங்கே எனக்குத் தாத்தா வேடம்தான் வருகிறது. போன மாதம் வானொலியில் இருபத்தெட்டு வயது மாப்பிள்ளையாக நடித்தேன். பெண் வீட்டாருக்கு என்னைப் பிடித்துவிட்டது.